அம்மா விட்டுவைத்த இடதுபக்கங்கள்

மகளுக்குப் பிரசவம் பார்க்க என் மனைவி டல்லாஸ் கிளம்பியபோது நானும் கூடப் போவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குளிர் எனக்கு ஆகாது, வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட்டால் கரையான் ஏறிவிடும் என்று இரண்டு சாக்குகள் சொன்னேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் உள்ளே வேறொரு காரணம் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் அடுத்தவர் செலவை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஆறு மாதம் தனியாகக் கிடைத்தால் ஆன்மிகமாக ஒரு புத்தகம் எழுதிவிடலாம் என்று ரகசியமாக ஓர் ஆசை. திருவானைக்காவலில் வீடு. மொட்டைமாடிக்குப் போனால் கோபுரம் தெரியும். சத்தம் போட ஆளில்லை. இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

ரசம் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

முதல் மூன்று வாரம் கேவலமாகப் போயிற்று. காபி, நாளிதழ், குளியல் எல்லாம் முடிந்து பார்த்தால் மணி எட்டுதான் ஆகியிருக்கும். மேஜையைத் துடைத்து, புது டைரியைத் திறந்து, "ஆன்மா என்பது" என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். மறுநாள் எடுத்துப் படித்தால் ஒரு வரிகூட என்னுடையதாக இல்லை. உபன்யாசத்தில் கேட்டது, தினசரிக் காலண்டர் தாளில் பார்த்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, அவ்வளவும் கடன். பேனாவை மூடிவிட்டுப் போனை எடுத்தேன். அந்த வாரக் கடைசியில் போனே கணக்குச் சொன்னது: தினசரி சராசரி 6 மணி 12 நிமிடம். மௌனம் தேடி வீட்டில் தங்கியவனின் லட்சணம் அது.

தனிமை வேறு, ஏகாந்தம் வேறு என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் இரண்டும் ஒரே நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்தன. காலை ஐந்து மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சுகமாக இருந்தது. அதே நாற்காலி சாயங்காலம் ஆறரைக்கு, எதிர்வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில், உட்கார முடியாததாக ஆகிவிடும். எழுந்து எல்லா அறையிலும் லைட் போடுவேன். டி.வி.யை யாருக்கோ ஓடட்டும் என்று போட்டு வைப்பேன். ஏழரைக்கு மனைவி கூப்பிடுவாள், அங்கே காலை எட்டு. அதுவரை ஓட்ட வேண்டும். மனிதரை விட நேரம்தான் இதில் முக்கியம் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. யாராவது தனியாக இருந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்களுடைய அந்தக் கெட்ட மணி எது என்று கண்டுபிடியுங்கள். அந்த நேரத்தில் எழுத உட்காராதீர்கள். நடக்கப் போங்கள்.

சரி, வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, இடம் மாறினால் நடக்கும் என்று திருவண்ணாமலைக்குப் போனேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டு ரமணாசிரமத்தில் மூன்று நாள் தங்க அனுமதி வாங்கியிருந்தேன். பழைய ஹாலில் அரைமணி உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் சிலை மாதிரி இருந்தார். எனக்கு முழங்கால் வலித்தது, வீட்டு மோட்டாரை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்தது. வெளியே கூரை மேல் மயில் அகவியபோது, அப்பாடா, எழுந்திருக்க ஒரு சாக்கு கிடைத்தது என்று எழுந்துவிட்டேன். இடத்தின் மேல் குறையில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தானே.

ஆனால் அங்கே தெரிந்துகொண்ட சில விஷயங்கள் ஊருக்கு என்னோடு வந்தன. 1896-இல் அந்த மலைக்கு வந்த ரமணர் கடைசி வரை, 1950 வரை, ஊரை விட்டு நகரவேயில்லை. ஆரம்ப வருஷங்களில் பேசாமல் இருந்தபோது கேட்டவர்களுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டியே பதில் சொன்னார். 1916-இல் அவருடைய அம்மா வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே அடுப்பே பற்றியது. அம்மா 1922-இல் காலமாக, அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இன்றைக்கு இருக்கும் ஆசிரமம் வளர்ந்தது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்குப் புதிதாக இருந்தது இரண்டு சின்ன சமாசாரங்கள். ஒன்று, பல வருஷம் அவர் விடியும் முன்பே சமையல்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கியிருக்கிறார். இன்னொன்று, ஒருபக்கம் அச்சான தாள்களை வீணாக்காமல் சேர்த்து வைத்து, வெற்றுப் பக்கங்களைக் கொண்டு நோட்டு தைத்திருக்கிறார்.

திரும்பி வரும் ஐந்து மணி நேரப் பேருந்தில் தியானமோ சமாதியோ ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தத் தைத்த நோட்டுதான் வந்தது. எங்கள் வீட்டுப் பரணில் அப்படி வெற்றுப் பக்கங்கள் கிடப்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

என் அம்மா ஸ்ரீராமஜெயம் எழுதியவள். நம் ஊரில் இது அதிசயமில்லை. பரீட்சைக்கு, கல்யாணத்துக்கு, வேலைக்கு என்று வேண்டிக்கொண்டு நோட்டு நோட்டாக எழுதுவதும், எழுதிய தாள்களை மாலையாகக் கோத்து ஆஞ்சநேயருக்குச் சாத்துவதும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அம்மா கல்லுக்குழி ஆஞ்சநேயருக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்தவை பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. இறக்கி எண்ணினேன். 41 நோட்டுகள், எல்லாம் 200 பக்கம். வலதுபக்கத்தில் மட்டும் எழுதியிருந்தாள். இடதுபக்கம் எழுதினால் கை நோட்டு விளிம்பிலிருந்து வழுக்குகிறது என்பாள். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு வரி, வரிக்கு மூன்று. ஆக 54. இரண்டு வலதுபக்கம் எழுதினால் 108.

பழக்க தோஷம், கால்குலேட்டரை எடுத்தேன். தினம் 108 எழுதினால் ஒரு லட்சத்துக்கு 926 நாள் ஆகும், இரண்டரை வருஷம். சிலர் கோடி என்று சங்கல்பம் செய்கிறார்கள். ஒரே ஆள் இந்த வேகத்தில் கோடி எழுத 253 வருஷத்துக்கு மேல் வேண்டும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

ஆனால் அன்று தரையில் உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டியபோது கவனித்தது எண்ணிக்கையை இல்லை. ஓரங்களை. மார்ஜினில் பொடி எழுத்தில் "பால் 2" என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் "கேஸ் வந்தது". ஒரு மூலையில் புள்ளிக் கோலம், ஏழு புள்ளி, பாதியில் நின்றிருந்தது. ஒரு வரி "ஸ்ரீரா" என்று அறுந்து, அடுத்த எழுத்து வேறு மையில் தொடர்ந்தது. குக்கர் சத்தம் கொடுத்திருக்கும், அல்லது நான் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் கூப்பிட்டிருப்பேன். போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து "மஜெயம்" என்று முடித்திருக்கிறாள். முதலிலிருந்து எழுதவில்லை. அந்த மை மாறிய இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாயிரத்து நூறு இடதுபக்கங்கள் காலியாக இருந்தன. அவற்றில் எழுதலாமா, தப்பா? தொண்ணூறைத் தொடப்போகும் என் அத்தையிடம் போனில் கேட்டேன். சாஸ்திரம் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "பேப்பர் விக்கற விலைக்கு, எழுதேன்டா" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து தினம் ஓர் இடதுபக்கம். புத்தக ஆசை அன்றைக்கே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், போகப் பத்து நாள் ஆயிற்று. எதிர்ப்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து இருக்கும்போது "பிரபஞ்ச சக்தி" என்றெல்லாம் எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் நேற்றுப் பார்த்த ஒன்றை மட்டும் எழுதினேன். முதல் பக்கம் ரசம் பற்றியது. நான் அதைத் தளதளவென்று கொதிக்க விட்டுக்கொண்டிருந்தேன் போல. வீடியோ காலில் மனைவி, "நுரை கூடி வரும், கொதிக்கறதுக்கு முன்னாடி இறக்கிடணும்" என்று சொல்லியிருந்தாள். நுரை எப்படிக் கூடுகிறது என்று எழுதப் போனால் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஓரத்தில்தான் முதலில் கிளம்புகிறது. மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம், அது உள்ளே நகர்ந்து, பருப்புத் தண்ணீரையும் கொத்தமல்லியையும் மெல்லத் தூக்கும். நடுவில் சந்திக்கும் அந்த நொடிதான் அடுப்பை அணைக்க வேண்டிய நேரம். இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய ஹாலில் அரைமணி முயன்றும் வராத ஏதோ ஒன்று, ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போனது. அதற்குப் பேர் வைக்காமல் இருப்பதே நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

பழகப் பழகச் சில ஏற்பாடுகள் தாமாக அமைந்தன. கேட்பவர்களுக்கு இவற்றைத்தான் சொல்கிறேன். போனை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிடுவேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் மேஜை மேல் கவிழ்த்து வைத்தால் கை போகிறது, அரிசிக்குள் போவதில்லை. இடம் கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல். சாய்ந்து உட்கார முடியாது, அதனால் தூக்கம் வராது. பேனாதான், கம்ப்யூட்டர் இல்லை. அழித்து அழித்து அழகாக்க வசதியிருந்தால் நான் மறுபடி காலண்டர் வாசகம் எழுத ஆரம்பித்துவிடுவேன் என்பது எனக்கே தெரியும். ஒரு பக்கம் முடிந்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்திவிடுவேன். அமைதி, ஆனந்தம், அருள், இந்த மூன்று சொல்லுக்கும் தடை. சுலபமாகத் தெரியும், எழுதிப் பாருங்கள். சொல் கிடைக்காதபோது பார்த்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பார்த்திருக்காவிட்டால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, எழுதியதை ஒரு மாதம் புரட்டக் கூடாது. யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பவும் கூடாது. ஒருமுறை அனுப்பினேன். ஏழு பேர் கைகூப்பினார்கள். அடுத்த நாலு நாள் அந்த ஏழு பேருக்காகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் இதுவும் கெட்டது. நாலரைக்கே நாலு திசையிலிருந்தும் ஒலிபெருக்கி. மௌனம் போச்சே என்று இரண்டு நாள் கடுப்பாக இருந்தேன். அப்புறம் எந்தப் பாட்டு எந்தத் தெருவிலிருந்து வருகிறது, எங்கே டேப் இழுக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். சத்தம் குறையவில்லை, பக்கம் நிறைந்தது.

எழுத்து நல்லதைத்தான் கொண்டுவரும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். தை பிறந்த சமயம் என் தம்பியைப் பற்றிக் கிளம்பியது. பழைய பாகப்பிரிவினை விவகாரம். ஒரு வாரம் பக்கம் பக்கமாக அவனைத் திட்டினேன். அம்மாவின் நோட்டில் வேண்டாம் என்று தனித்தாளில்தான் எழுதினேன், அந்த மரியாதை மட்டும் இருந்தது. திட்டு அலுத்துப் போய், சரி, முறையாகவே எழுதுவோம் என்று வரவு, பற்று என்று இரண்டு பத்தி போட்டேன். மூன்றாவது வரியில் கை நின்றது. அப்பாவின் ஆபரேஷனுக்கு அவன் கொடுத்த நாற்பதாயிரத்தை இத்தனை வருஷமும் நான் வரவில் வைக்கவேயில்லை. பாக்கி என் பக்கம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், மழை உண்டா அங்கே என்று கேட்டேன். பணம் பற்றிப் பேச இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. கோபத்தை எழுதித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தீர்வது உண்மையா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் தேதியும் தொகையும் போட்டு எழுதினால் அதில் எவ்வளவு நிஜம் என்பது தெரிந்துவிடுகிறது.

சாயங்காலத்துக் கெட்ட மணியைக் கோயில் வெளிமதிலை ஒட்டி நடந்து கழித்தேன். திருநீற்றான் மதில் என்று பெயர். மதில் கட்டிய ஆட்களுக்குச் சிவனே சித்தராக வந்து திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியது என்பது தலபுராணம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இப்போது மதிலோரம் நடக்கும்போதெல்லாம் காலையில் எழுதிய பக்கம் ஞாபகம் வரும். என் திருநீறு பல நாள் திருநீறாகவே இருந்தது.

இதே கோயிலில் உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே ஜம்புகேஸ்வரர் சன்னிதிக்குப் போய்ப் பூஜை செய்வார். தினமும் நடப்பது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர், அறுபது வயது வரை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. மத்தியானம் ஆபீஸ், அப்புறம் மத்தியானத் தூக்கம். ஒருநாள் சமையல் சொதப்பி, பசியை மறக்கக் கோயிலுக்குப் போனபோதுதான் பார்த்தேன். மேளச் சத்தத்தோடு வந்தார். நடுவயது, நெற்றியில் வியர்வை. நடையில் ஒரு கணம் புடவைத் தலைப்பு சரிந்தது, இடது கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டார். என் மனைவி அடுப்படியில் செய்யும் அதே அசைவு. அப்புறம் உள்ளே போனார், பசுவுக்குப் பூஜை நடந்தது, கூட்டம் கலைந்தது. அன்றைய பக்கம் முழுக்க அந்த இடது கைதான். எழுதி முடித்ததும் ஆறு வாரத்தில் முதல்தடவையாக அவள் இல்லாதது வீட்டில் தெரிந்தது. அதுவரை சமையல் இல்லாததுதான் தெரிந்திருந்தது.

காவிரியையும் எழுதினேன், வாரம் ஒருமுறை, பாலத்திலிருந்து. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் ஜனவரி 28-இல் மூடுவார்கள். பிப்ரவரி பக்கங்களில் தண்ணீர் வாரத்துக்கு வாரம் ஒதுங்கி, மணல் திட்டு ஒன்றிரண்டாகி, கொக்குகள் நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போவதைப் பின்னால் சேர்த்துப் படித்தபோதுதான் கவனித்தேன். ஐம்பது வருஷமாக ஆறு வற்றும் என்று தெரியும். வற்றி நான் பார்த்ததில்லை.

முன்பே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. பொங்கலுக்கு முன் மூன்று நாள் கடும் ஜுரம். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பில்லை. அரிசி டிரம்முக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க முடியவில்லை. இரண்டாம் நாள் வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்துப் பால் போடும் அம்மாதான் எதிர்வீட்டில் சொல்லி, அவர்கள் பின்பக்கச் சுவர் ஏறி வந்து கதவைத் திறந்தார்கள். தனிமை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது இத்தனை பேர் தெருவில் விழித்திருந்ததால் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. காலை எட்டுக்குள் வாசல் லைட்டை அணைக்கவில்லை என்றால் அவர்கள் கதவைத் தட்டலாம் என்று பேச்சு. புதன்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. வயதானவர்கள் தனியாக இருந்து எழுதப் போகிறேன் என்றால், நோட்டு வாங்குவதற்கு முன் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் மனைவி திரும்பினாள். பெட்டிகள், பேரன் போட்டோக்கள், ஆறு மாதப் பேச்சு. இரண்டு நாள் நான் எழுதவில்லை. மூன்றாம் நாள் நாலரைக்கு எழுந்து சத்தமில்லாமல் கொல்லைக்குப் போனேன். அவள் ஏற்கெனவே எழுந்திருந்தாள், நேரம் மாறிய தூக்கம் இன்னும் பழகவில்லை. ஒன்றும் கேட்காமல் காபி கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துவிட்டு, நோட்டை எட்டிப் பார்த்தாள். "இது உங்கம்மா எழுத்து. எதிர்ல யார், நீங்களா?" என்றாள். படிக்கட்டுமா என்று கேட்டாள். ஒரு மாதம் ஆகட்டும் என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பின் பல நாள் அவள் எழுந்து நடமாடும் சத்தத்தோடுதான் எழுதுகிறேன். குக்கர் கூப்பிடும், பாதியில் நிறுத்திவிட்டுப் போவேன், வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். போன வாரம் புதுப் பக்கத்தைத் திறந்தபோது மார்ஜினில் அவள் கையெழுத்து. நான் கடைக்குப் போகும்போது மறக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறாள்: "பால் 2".